மெல்லிசும் லேசும்

லேப்டாப் கடையில் ஓரமாக அரை மணி நேரம் நின்று பார்த்தால் ஒன்று தெரியும். வாங்க வருகிறவர் முதலில் குனிந்து அதன் விளிம்பைப் பக்கவாட்டில் பார்க்கிறார். பிறகு ஒரு கையால் தூக்குகிறார். "எவ்ளோ மெல்லிசா இருக்கு பாருங்க சார்" என்று கடைப் பையன் சொல்கிறான், அவரும் தலையாட்டுகிறார். உட்கார்ந்து நாலு வரி அடித்துப் பார்த்து வாங்கியவரை நான் இன்னும் பார்க்கவில்லை. உட்கார நாற்காலியும் போட்டிருக்க மாட்டார்கள்.

மெல்லிசு, லேசு என்ற இரண்டு சொல்லும் பேச்சில் ஒட்டிக்கொண்டே வருகின்றன; விளம்பரத்திலும் அப்படித்தான். லேப்டாப்பில் இரண்டும் வேறு வேறு கணக்கு. தடிமனைக் கண் பார்க்கிறது, எடையைத் தோள் சுமக்கிறது. கடையில் நிற்கிற பத்து நிமிடமும் கண்ணின் ராஜ்ஜியம். அதற்கப்புறம் வரும் நாலைந்து ஆண்டுகள் தோளுக்கும் விரலுக்கும் மடிக்கும் பணப்பைக்கும் விட்டது. கடந்த இருபது ஆண்டுகளில் லேப்டாப் வடிவமைப்பில் நடந்த பெரிய சறுக்கல்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால், எடையைக் குறைக்கப் போய் வந்தவை சொற்பம். தடிமனைக் குறைக்கப் போய் வந்தவைதான் அதிகம்.

இரண்டு இயந்திரங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். டெல் நிறுவனம் 2009இல் 'அடாமோ எக்ஸ்பிஎஸ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. மூடினால் 9.99 மி.மீ. தடிமன். பத்துக்குள் அடங்க வேண்டும் என்று யாரோ தலைகீழாக நின்றிருக்கிறார்கள் என்பது அந்த எண்ணிலேயே தெரிகிறது. மூடியின் விளிம்பை விரலால் வருடினால் பூட்டு விடுபடும். திறந்தால் திரையின் அடிப்பாகம் மேசையில் ஊன்றிக்கொண்டு, கீபோர்டை ஒரு சாய்வில் தூக்கி நிறுத்தும். பார்க்க அழகு. எடையோ சுமார் 1.4 கிலோ. அந்த வரிசை அத்தோடு முடிந்தது.

மற்றொன்று, ஜப்பானில் பானசோனிக் விற்கும் 'லெட்ஸ் நோட்'. கோபே நகரத் தொழிற்சாலையில் தயாராவது. ஜப்பானுக்கு வெளியே அதிகம் தெரியாதது. 2018இல் வந்த எஸ்வி வரிசையின் தடிமன் 24.5 மி.மீ. நம் ஊர்க் கடையில் வைத்தால் பத்து வருடப் பழைய சரக்கு என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் டிவிடி டிரைவும் உள்ளே இருக்க, அதன் எடை ஒரு கிலோவை ஒட்டித்தான். பேட்டரியைக் கையால் கழற்றலாம். புரொஜெக்டருக்கான பழைய விஜிஏ துளையிலிருந்து நெட்வொர்க் கேபிள் துளை வரை எல்லாம் உண்டு. மூடியில் கார் பானெட் மாதிரி மேடு பள்ளம். டோக்கியோ மின்ரயிலின் காலை நெரிசலில் பை நசுங்கினாலும் திரை உடையக் கூடாது என்பதற்காக 100 கிலோ அழுத்தம் கொடுத்துச் சோதிக்கிறார்கள்.

தடியானது லேசாகவும், மெல்லியது கனமாகவும் இருப்பது எப்படி? இதில் பௌதிகம் இருக்கிறது. பள்ளிக்கூட ஸ்கேலைத் தட்டையாகப் பிடித்து அழுத்தினால் வளைகிறது. அதையே விளிம்பு மேலாகத் திருப்பிப் பிடித்தால் அசைய மறுக்கிறது. வளைவை எதிர்க்கும் பலம் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தோடு போகிறது. தகட்டைப் பாதி தடிமனாக்கினால் பலம் எட்டில் ஒன்றாகிவிடும். அதாவது உடம்பை மெல்லிசாக்கினால், இழந்த விறைப்பை வேறெங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். அலுமினியக் கட்டியைக் குடைந்து எடுத்த உறுதியான ஓடு, விளிம்பிலிருந்து விளிம்புவரை கண்ணாடி, நடுவில் எஃகுச் சட்டம் என்று அது வந்து சேர்கிறது. எல்லாமே கனம். உடம்பைக் கொஞ்சம் தடியாக விட்டால், மெல்லிய சுவர், உள்ளே விலா எலும்பு மாதிரிக் குறுக்குச் சட்டங்கள், லேசான உலோகம் என்று சமாளித்துவிடலாம். மெல்லிசும் லேசும் ஒன்றுக்கொன்று உதவி செய்வதாக நினைக்கிறோம். ஓர் அளவுக்குக் கீழே போனபின் அவை சண்டைக்காரர்கள்.

உலோகத்தில் நம் கையும் ஏமாற்றும். அலுமினியத்தின் அடர்த்தி 2.7, மக்னீசியக் கலவையின் அடர்த்தி 1.8 அளவில். மூன்றில் ஒரு பங்கு மிச்சம். எல்ஜியின் 'கிராம்' வரிசை இந்த மிச்சத்தில் பிழைப்பது. 17 அங்குலத் திரையும் 72 வாட்-மணி பேட்டரியும் கொண்ட 2019ஆம் ஆண்டு மாடல் 1.34 கிலோதான். என்இசி 2012இல் மக்னீசியத்தோடு லித்தியம் கலந்து, 13.3 அங்குலத்தில் 875 கிராமுக்கு இறங்கியது. புஜித்சு அதே அளவுத் திரையோடு 2020இல் 634 கிராமைத் தொட்டது. நம்மூர் அரை லிட்டர் பால் பாக்கெட்டைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். ஆனால் மக்னீசியம் தொட்டால் சில்லென்று இருப்பதில்லை, அழுத்தினால் லேசாக அமுங்குகிறது. "பிளாஸ்டிக் மாதிரி இருக்கே, இதுக்கா இவ்வளவு விலை?" என்று கேட்கிறார்கள். குளிர்ச்சியும் கனமும் தரத்தின் அடையாளம் என்று நம் விரல்கள் வெண்கலக் கும்பாவிலேயே பழகியவை. பொறியாளர் என்ன செய்வார், பாவம்.

தடிமன் எப்படி இறங்கியது என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பழைய லேப்டாப் பேட்டரிக்குள் இருந்தவை உருளைச் செல்கள். 18650 என்று பெயர். 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம் என்பதுதான் அந்தப் பெயரே. அதை உள்ளே படுக்க வைத்துவிட்டு மேலே ஓடு, கீழே ஓடு, திரை என்று அடுக்கினால் எந்த ஜால வித்தைக்காரரும் 25 மி.மீ.க்கு வெகு கீழே இறங்க முடியாது. தட்டையான பை வடிவ லித்தியம் செல்கள் வந்தபின் அந்தக் கட்டு அவிழ்ந்தது. டிவிடி டிரைவ், சுழலும் ஹார்டு டிஸ்க், நெட்வொர்க் கேபிளின் பருத்த துளை ஆகியவை அடுத்தடுத்து விடைபெற்றன.

2008 ஜனவரி 15 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஓர் அலுவலக உறைக்குள்ளிருந்து மேக்புக் ஏரை உருவி எடுத்த காட்சியை எல்லோரும் சொல்லியாகிவிட்டது. சொல்லாமல் விடப்படுவது அந்த உறைக்குள் எதெல்லாம் வரவில்லை என்பது. டிவிடி டிரைவ் இல்லை. நெட்வொர்க் துளை இல்லை. ஒரே ஒரு யூஎஸ்பி. கழற்ற முடியாத 37 வாட்-மணி பேட்டரி. போர்டோடு ஒட்டிய 2 ஜிபி ரேம். மெதுவாகச் சுழலும் 1.8 அங்குல ஹார்டு டிஸ்க். எஸ்எஸ்டி வேண்டுமென்றால் விலை 1,799 டாலரிலிருந்து 3,000 டாலரைத் தாண்டியது. விளிம்பில் 4 மி.மீ., மிகத் தடித்த இடத்தில் 19.4 மி.மீ. எல்லோர் நினைவிலும் நின்றது அந்த 4தான். ஆப்புபோலச் சரியும் வடிவத்தின் சாமர்த்தியம் அது. மேசையில் வைத்தால் கண் விளிம்பை மட்டுமே பார்க்கும். வயிறு நிழலில் ஒளிந்துகொள்ளும். சோனி தன் 'வயோ எக்ஸ்505'இல் ஏற்கெனவே 9.7 மி.மீ. விளிம்பை எட்டியிருந்தது என்பது வேறு விஷயம்.

அடுத்த மாதமே லெனோவோ 'திங்க்பேட் எக்ஸ்300'ஐ அறிவித்தது. அதே 13.3 அங்குலத் திரை, டிவிடி டிரைவ், மூன்று யூஎஸ்பி, நெட்வொர்க் துளை, கழற்றக்கூடிய பேட்டரி, ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் 64 ஜிபி எஸ்எஸ்டி. எடையில் பெரிய வேறுபாடு இல்லை. தடிமனில் ஏறக்குறைய 4 மி.மீ. அதிகம், அவ்வளவே. இந்த நான்கு மி.மீ.க்குள் எவ்வளவு அடங்கியிருந்தது என்று யோசித்துப் பார்க்கலாம். உலகம் உறையின் பின்னால் போனது. அதில் ஓர் அளவுக்கு நியாயமும் உண்டு: டிவிடியும் கேபிளும் எப்படியும் சாகப்போகின்றன என்று ஆப்பிள் கணித்தது சரியாகவே இருந்தது. 2010இல் விலையை 999 டாலருக்கு இறக்கி, எல்லாவற்றையும் ஃபிளாஷ் நினைவகத்துக்கு மாற்றியபின் அந்த ஏர் எல்லோருடைய அச்சாகவும் ஆகிவிட்டது. இன்டெல் 2011இல் 'அல்ட்ராபுக்' என்று பெயர் சூட்டி, 13 அங்குலத்துக்கு 18 மி.மீ., அதற்கு மேற்பட்ட திரைக்கு 21 மி.மீ. என்று வரம்பே விதித்தது.

25இலிருந்து 16, 17 மி.மீ. வரை இறங்கிய அந்தப் பயணம் நல்ல பேரம். கொடுத்ததைவிடப் பெற்றது அதிகம். அதற்குக் கீழே போன ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும்தான் வட்டி ஏறியது.

முதல் வட்டி விரல்களிடமிருந்து வசூலானது. ரெமிங்டன், ஃபேசிட் டைப்ரைட்டர்களில் அடித்து, லோயர், ஹையர் தட்டச்சுத் தேர்வு பாஸ் செய்த தலைமுறைக்கு ஒரு விசை எவ்வளவு ஆழம் இறங்கும் என்பது உடம்பில் ஏறிய ஞானம். பணிச்சூழல் தரநிலைகள் விசைக்கு 1.5 முதல் 6 மி.மீ. வரை ஆழம் அனுமதித்து, 2 முதல் 4 வரை இருந்தால் நல்லது என்கின்றன. விரல் விசையை நோக்கி வேகமாக இறங்கும்போது, எழுத்து பதிந்துவிட்டது என்று மூளைக்குத் தெரிந்து விரல் பின்வாங்கச் சிறிது இடைவெளி வேண்டும். அந்த ஆழம் குறையக் குறைய விரல் போய் அடித்தளத்தில் மோதுகிறது. கல் தரையில் செருப்பில்லாமல் நடப்பது மாதிரி. பத்து நிமிடத்துக்கு ஒன்றுமில்லை, எட்டு மணி நேரத்துக்கு வலிக்கும்.

ஆப்பிள் 2015இல் 12 அங்குல மேக்புக்கை வெளியிட்டது. 13.1 மி.மீ., 0.92 கிலோ, ஃபேன் கிடையாது, ஹெட்போன் துளையை விட்டால் மொத்தத்துக்கும் ஒரே ஒரு யூஎஸ்பி-சி துளை. அதில் விசைகளுக்கு அடியில் இருக்கும் வழக்கமான கத்தரிக்கோல் அமைப்பை எடுத்துவிட்டு வண்ணத்துப்பூச்சிச் சிறகு மாதிரி விரியும் புது அமைப்பை வைத்தார்கள். விசையின் ஆழம் அரை மி.மீ. அளவுக்கு வந்தது. அடுத்த ஆண்டு மேக்புக் ப்ரோவுக்கும் அதையே கொண்டுபோனார்கள். இடைவெளி அவ்வளவு குறைவாக இருந்ததால் ஒரு தூசித் துணுக்கு போதும், விசை மாட்டிக்கொள்ளும் அல்லது ஓர் எழுத்து இரண்டாக விழும். கெட்டது ஒரு விசை என்றாலும், கீபோர்டு மேல் ஓட்டோடு பிணைந்து, அந்த ஓட்டில் பேட்டரியும் ஒட்டப்பட்டிருந்ததால் முழுப் பாகத்தையும் மாற்ற வேண்டும். 2018இல் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் அறிவித்தார்கள். 2019 நவம்பரில் வந்த 16 அங்குல மாடலில் கத்தரிக்கோல் அமைப்பும் 1 மி.மீ. ஆழமும் திரும்பின. தடிமன் முந்தைய 15 அங்குல மாடலைவிட 0.7 மி.மீ. கூடியது. வாங்கியவர்கள் தொடுத்த வழக்கு 2022இல் 5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. அரை மி.மீ.க்கு அந்த விலை.

அடுத்தது சூடு. ஒரு சிப் 15 வாட் மின்சாரம் எடுத்தால் 15 வாட் சூடும் வெளியே வந்தாக வேண்டும். அதில் பேரமே கிடையாது. ஹீட் பைப் அதைச் செம்புத் தகடுகளுக்குக் கொண்டுபோகும், ஃபேன் அங்கிருந்து ஊதித் தள்ளும். ஃபேனின் இறக்கை மெல்லிசாக ஆக, அதே அளவு காற்றுக்கு இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும்; சத்தம் கீச்சென்று உயரும். ஃபேனுக்கு மேலும் கீழும் காற்று நுழையச் சில மி.மீ. காலி இடம் வேண்டும், அதையும் மெல்லிய உடம்பு மறுக்கிறது. ஆகவே கால் ரப்பரை உயர்த்துகிறார்கள். அல்லது மூடியைத் திறந்தால் பின்பக்கம் எழும்பும்படி கீலை வளைக்கிறார்கள். தடிமன் பட்டியலில் அந்தக் கால்களைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை என்பதைக் கவனிக்கவும். இவ்வளவுக்குப் பின்னும் சூடு அடங்காவிட்டால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 2018 ஜூலையில் புது கோர் ஐ9 சிப்போடு வந்த மேக்புக் ப்ரோ, நீண்ட வேலையில் தளர்ந்துபோனது பெரிய பேச்சானது. மென்பொருளில் குறை என்று ஆப்பிள் ஒத்துக்கொண்டு திருத்தம் வெளியிட்டது. விலை உயர்ந்த சிப்பை மெல்லிய உடம்பில் போடுவது, லாரி இன்ஜினை ஸ்கூட்டரில் பூட்டுவது போன்றது. விலைச்சீட்டில் இருக்கும் பெயர் முதல் சில நிமிடங்களுக்குத்தான் உண்மை.

இதில் நம் ஊருக்கென்று ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. ஃபேன் இல்லாத லேப்டாப்பில் சூடு ஓட்டின் வழியாகத்தான் வெளியேறுகிறது. எவ்வளவு வெளியேறும் என்பது ஓட்டுக்கும் அறைக் காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. கை தாங்கும் எல்லையாக 45 டிகிரியை வைத்துக்கொள்வோம். ஏசி அறையில் 22 டிகிரி என்றால் வித்தியாசம் 23. மே மாத மதியம் திருச்சியிலோ வேலூரிலோ ஃபேன் மட்டும் சுற்றுகிற அறையில் 36 டிகிரி என்றால் வித்தியாசம் 9. அதே இயந்திரம், அதே சிப், பாதிக்கும் குறைவான குளிர்ச்சி. குளிரூட்டிய அறையில் அளந்து எழுதிய விமர்சனத்தைப் படித்து நாம் வாங்குவது இன்னொருவர் ஊர்ச் செருப்பை வாங்குவது. மடியில் வைத்து வேலை செய்வதைப் பற்றி மருத்துவர்களும் எச்சரிக்கிறார்கள். 43 முதல் 47 டிகிரி வரையான சூடு தொடையில் நாள்கணக்கில் பட்டால் சுடாது, ஆனால் தோலில் வலைபோலக் கருமை படரும். முன்பு கணப்பு அடுப்பருகே உட்காரும் குளிர் நாட்டுப் பாட்டிமார்களுக்கு வந்தது, இப்போது லேப்டாப்காரர்களுக்கு வருகிறது.

இந்த முடிச்சை அவிழ்த்தது ஓட்டை வடிவமைத்தவர்கள் அல்லர், சிப்பை வடிவமைத்தவர்கள். 2020இல் ஆப்பிள் ஒரே ஆண்டில் இரண்டு மேக்புக் ஏர் விற்றது. முதலாவதில் இன்டெல் சிப், நவம்பரில் வந்ததில் தன் சொந்த எம்1. ஓடு அதே, எடை அதே 1.29 கிலோ, பேட்டரி அதே 49.9 வாட்-மணி. இணையம் பார்க்கும் நேரம் என்று ஆப்பிள் சொன்ன கணக்கு 11 மணியிலிருந்து 15 மணி ஆனது, ஃபேனையே எடுத்துவிட்டார்கள். தடிமனில் ஒரு மயிரிழையும் மாறாமல் நடந்தது இது. பத்து ஆண்டு மில்லிமீட்டர் வேட்டை கொடுக்காததை ஒரு சிப் மாற்றம் கொடுத்தது. அதன் மறுபக்கமும் உண்டு: மணிக்கணக்கில் வீடியோ வேலை செய்தால் ஃபேன் இல்லாத ஏர் தளரும், அதே எம்1 சிப்பும் ஃபேனும் உள்ள ப்ரோ தளராது. இன்னும் சுவாரசியம், அடுத்த ஆண்டு வந்த புது ப்ரோக்களில் 16 அங்குல மாடல் தடியானது. எச்டிஎம்ஐ, மெமரி கார்டு துளை, காந்த சார்ஜர் எல்லாம் திரும்பின. 16 அங்குலத்தில் பேட்டரி 99.6 வாட்-மணி. விமானத்தில் முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகும் உச்சவரம்பு 100 என்பதால் அந்த எண். லேப்டாப் பேட்டரிக்கு உண்மையான கூரை விமானப் பயண விதிகள் போட்டது.

பேட்டரி என்றதும் ரிச்சி ஸ்ட்ரீட் ஞாபகம் வருகிறது. சென்னை மவுண்ட் ரோடு பக்கத்து அந்தச் சந்துகளில் ஒரு காலத்தில் ரேம் மாற்றுவது டீ குடிக்கிற நேரத்து வேலை. இப்போது மெக்கானிக் கீழ் ஓட்டைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சார், எல்லாம் போர்டோட போர்டா ஒட்டிட்டான்" என்று மூடிவிடுகிறார். என்னுடைய பழைய லேப்டாப் ஒன்றில் டச்பேட் ஒருநாள் அழுந்த மறுத்தது. திறந்தால் பேட்டரி அப்பளம் பொரிந்த மாதிரி உப்பி அடியிலிருந்து தூக்கிக்கொண்டிருந்தது. உருளைச் செல்லுக்கு எஃகுக் கவசம் உண்டு. பை வடிவச் செல்லுக்கு இல்லை. மெல்லிசின் விலையில் இதுவும் ஒன்று.

ஆனால் ரேமை ஒட்டுவதற்குத் தடிமனை மட்டும் குற்றம் சொல்வது சரியல்ல. குறைந்த மின்சாரம் எடுக்கும் எல்பிடிடிஆர் நினைவகம் சிப்புக்கு மிக அருகே இருந்தால்தான் முழு வேகத்தில் ஓடும்; பழைய செருகு துளை வழியாகப் போனால் சிக்னல் கெடும். அதாவது பேட்டரி நேரத்துக்காகவும் ஒட்டுகிறார்கள். இதற்கும் மாற்று வந்துவிட்டது. போர்டின் மீது தட்டையாக அழுத்தித் திருகும் எல்பிகேம்2 என்ற வடிவம் 2024இல் லெனோவோவின் 'திங்க்பேட் பி1'இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பே, 2021இல், ஃப்ரேம்ஒர்க் என்ற சிறு நிறுவனம் 15.85 மி.மீ., 1.3 கிலோவில் ரேம், எஸ்எஸ்டி, பேட்டரி, கீபோர்டு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி மாட்டும்படி ஒரு லேப்டாப் செய்து காட்டியது. கழற்ற முடியாமைக்கு இடமின்மைதான் காரணம் என்ற வாதம் அன்றைக்கே பாதி விழுந்துவிட்டது. மீதிப் பாதி வியாபாரம்.

கேமராவைப் பற்றி ஒரு வரியாவது சொல்ல வேண்டும். லென்ஸுக்கு ஆழம் வேண்டும். போனுக்குப் பின்னால் கேமரா புடைத்துக்கொண்டிருப்பது அதனால்தான். லேப்டாப் மூடியோ போனைவிட மெல்லிசு. டெல் தன் எக்ஸ்பிஎஸ் 13இல் திரையின் மேல் ஓரத்தை ஒட்ட வெட்டிவிட்டுக் கேமராவைத் திரைக்குக் கீழே இறக்கியது. சில ஆண்டுகள் அதன் வாடிக்கையாளர்கள் கூட்டங்களில் மூக்குத் துவாரத்தோடு தரிசனம் தந்தார்கள். 2.25 மி.மீ. கேமராவைச் செய்து 2019இல் மீண்டும் மேலே ஏற்றினார்கள்.

துளைகளை எடுத்தபோது அவை போன இடம் நம் பை. யூஎஸ்பி-சி நல்ல கண்டுபிடிப்புதான். எப்படிச் செருகினாலும் ஏறும், சார்ஜும் படமும் ஒரே வழியில் போகும். ஆனால் கல்லூரிக் கருத்தரங்க அறையின் புரொஜெக்டர் இன்னும் விஜிஏவிலோ எச்டிஎம்ஐயிலோதான் இருக்கிறது, நண்பர் நீட்டும் பென்டிரைவ் பழைய யூஎஸ்பிதான். எனவே டாங்கிள்.

இந்தக் கட்டுரைக்காக என் பையைக் கொட்டி, சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்தேன். லேப்டாப் 1 கிலோ 240 கிராம். இதை வாங்கும்போது 1 கிலோ 360 கிராம் மாடலை வேண்டாமென்று ஒதுக்கிப் பதினெட்டாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்தேன். சார்ஜரும் அதன் வயரும் 310. நாலு துளை டாங்கிள் 85. சந்தேகத்துக்கு வைத்திருக்கும் இன்னொரு டாங்கிள் 40. லேப்டாப்பின் டச்பேட் பிடிக்காததால் ஒரு மவுஸ், 95. லேப்டாப்பைத் தூசியிலிருந்து காக்கும் உறை 180. கடைசியாக, எல்லாம் எடுத்துவிட்ட வெறும் பையைத் தராசில் வைத்தேன். 1 கிலோ 150 கிராம்.